பின்னால் போன பைக்கும் ஒரு கர்சீப்பும்

இன்று காலை பழைய பைக் குழுவில் டெல்லி கரோல் பாக் பையன் ஒருவன் கேட்டிருந்தான். "அங்கிள், டைமிங்கை நானே செட் பண்ணேன். ஃபர்ஸ்ட் கியர் போட்டா வண்டி பின்னால போகுது. கியர் பாக்ஸ் போச்சா?"

போகவில்லை தம்பி. டூ-ஸ்ட்ரோக்கில் ஸ்பார்க் ரொம்ப முந்திவிட்டால், உதைக்கும்போது எஞ்சின் சில சமயம் தலைகீழாகச் சுற்ற ஆரம்பித்துவிடும்; அணைத்துவிட்டு மறுபடி உதைத்தால் பெரும்பாலும் நேராகிவிடும். பட்டவன் சொல்கிறேன்.

எண்பதுகளில் எங்களுக்குச் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ். மாமனார் கும்பகோணத்திலிருந்து முதல்முறையாக வந்திருந்தார். "மெக்கானிக்கெல்லாம் எதுக்கு?" என்று அவர் எதிரிலேயே ஸ்பார்க் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயிண்டுக்கு நடுவில் சிகரெட் தாளைச் செருகி, பெரிய நிபுணன்போல் டைமிங் வைத்தேன்.

மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வழியனுப்ப மாமனார் பின்னால் நின்றார். கிளட்சை விட்டதும் வண்டி நேராக அவரை நோக்கிப் போயிற்று. அவர் வேட்டிக்கு ஒரு சாண் முன்னால் பிரேக் பிடித்தது.

"ஏன் மாப்பிள்ளை, எதையாவது மறந்துட்டேளா?"

மனைவிதான் சொன்னாள். "கர்சீப்பை மறந்துட்டார்ப்பா." பிறகு என் காதருகே, "ஜல்தி எஞ்சினை ஆஃப் பண்ணுங்கோ."

மாடியேறி, கர்சீப்போடு வந்து, ஓங்கி உதைத்தேன். இந்த முறை முன்னால் போயிற்று.

மாமனார் கடைசிவரை ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார், "எங்க மாப்பிள்ளை வண்டிக்கு ரிவர்ஸ் கியர் உண்டு." அவள் ஒருநாளும் திருத்தவில்லை.

இன்றைக்கும் நான் வெளியே கிளம்பினால் கையில் ஒரு கர்சீப்பைக் கொடுக்கிறாள். சிரிக்காமல்.

மைத்துனர்கள் லைக் மட்டும் போடவும். மற்றவர்கள் கமெண்டில் வரலாம்.