ஆர்கன்சா தாங்கும் சூடு

விஸ்வநத்தத்தில் கற்பகவல்லியின் வீட்டுக்குப் போக விலாசம் தேவையில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, 'சேலை மடிக்கிற அக்கா வீடு' என்று கேட்டால் போதும், யாராவது கையைக் காட்டிவிடுவார்கள். கல்யாணச் சேலைகளுக்கு முன்கூட்டியே கொசுவம் பிடித்து, தேய்த்து, பெட்டியில் அடுக்கித் தருவது அவளுடைய தொழில். பெட்டியைத் திறந்தால் பத்து நிமிஷத்தில் கட்டிக்கொண்டு மேடைக்குப் போய்விடலாம்.

இதற்கு முன் பத்தொன்பது வருஷம் அவள் வெடிக் கம்பெனிக்குப் போனவள். அங்கே பருத்தியைத் தவிர வேறு துணி கட்டிக்கொண்டு உள்ளே போக முடியாது. நைலான் வகைத் துணி உரசினால் பொறி கிளம்பும். வெடிமருந்து இருக்கிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறியே அதிகம். வாசலில் முருகம்மாள் என்ற மேஸ்திரி அம்மா நின்று ஒவ்வொருத்தியின் முந்தானையையும் இரண்டு விரலால் கசக்கிப் பார்ப்பாள். காட்டன் என்று நம்பி வாங்கிய ஒரு சேலையைக் கற்பகவல்லி ஒருநாள் கட்டிப் போனாள். முருகம்மாள் அதைத் தன் முழங்கையில் நாலு தேய் தேய்த்தாள். முழங்கை முடி எழுந்து நின்றது.

"வீட்டுக்குப் போயி மாத்திட்டு வா. ஒன் ஒருத்தி உசுருன்னா விட்டுருவேன். உள்ள நாப்பது பேரு இருக்காக."

அன்றைய சம்பளம் போனது. ஆனால் அதற்குப் பிறகு துணி விஷயத்தில் கற்பகவல்லியை யாரும் ஏமாற்ற முடியவில்லை.

மூச்சு இளைப்பு வந்து, மருந்துத் தூசியே ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகு வேலையை விட்டாள். ஒரு கரண்ட் இஸ்திரிப் பெட்டி வாங்கினாள். பருத்தியைத் தேய்ப்பது அவளுக்குப் பழக்கம்தான்: தண்ணீர் தெளி, பெட்டியை முழுச் சூட்டில் வை, அழுத்தி இழு. அதே கையோடு, உடன் வேலை பார்த்த ரோஜாவின் சிஃபான் சேலையிலும் பெட்டியை வைத்தாள். எடுத்தபோது பெட்டியின் மூக்கு அளவுக்கு ஓட்டை. யார் மேலும் பழி போடவில்லை. அவளே சேலையை எடுத்துக்கொண்டு போய், "நான்தான் பொசுக்கிட்டேன்டி" என்று சொல்லி, தன்னிடம் இருந்த ஒரே நல்ல சேலையைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வந்தவள் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. தையல் கடைகளில் வெட்டுத் துண்டுகளை வாங்கி வந்து மூன்று மாதம் தேய்த்துப் பார்த்தாள். சாட்டின், கிரேப், ஜார்ஜெட், நெட் என்று ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் பின் அடித்து, பக்கத்தில் புள்ளி வைத்தாள். இஸ்திரிப் பெட்டியின் திருகில் இருக்கிற அதே புள்ளிகள்தான். நைலான் வகைக்கு ஒரு புள்ளி, பட்டுக்கு இரண்டு, பருத்திக்கு மூன்று. எதில் தண்ணீர் பட்டால் கறை நிற்கும், எது சூட்டோடு மடித்தால் மடிப்பு கோணும் என்பதையெல்லாம் கீழே எழுதினாள். எழுத்து கோணல். விஷயம் நேர்.

சிவகாசியில் காகிதக் கடை வைத்திருக்கும் செய்யது அபுதாஹிரின் மனைவி ஷரீஃபுன்னிசா ஒரு வியாழக்கிழமை காலையில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். மறுநாள் மகள் அப்சானாவுக்கு நிக்காஹ். அதற்கு மறுநாள் வலிமா விருந்து. வலிமாவில் கட்ட மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த ஆர்கன்சா சேலை அவள் கையில் இருந்தது. கண்ணாடி போல மெல்லிசு, இளம் பச்சை, ஓரத்தில் ஜரிகை. பத்து நாள் பெட்டியில் நசுங்கி, கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி இருந்தது.

"அசல் பட்டு ஆர்கன்சா, கற்பகம். நல்லா சூடு வச்சு, கொசுவம் கத்தி மாதிரி நிக்கணும். சம்மந்தி வீட்டுக்காரங்க அம்புட்டுப் பேரும் பாப்பாங்க."

கற்பகவல்லி சேலையைத் தொட்டதும் புருவத்தைச் சுருக்கினாள். "ஓரத்துல ஒரு நூல உருவிக் கொளுத்திப் பாத்துக்கிடவாக்கா?"

"அல்லாவே! மாப்பிள்ளை வீட்டுச் சேலையில நூல் உருவுறதா?"

சரி என்று விட்டாள். முந்தானையின் உள் ஓரத்தை எடுத்துத் தன் முழங்கையில் தேய்த்தாள். சடசடவென்று மெல்லிய சத்தம். முடி எழுந்து நின்றது.

"அக்கா, இது பட்டில்ல. நைலான் ஜாதி. பட்டுக்கு வைக்கிற சூட வச்சோம்னா சுருண்டுரும்."

ஷரீஃபுன்னிசாவின் முகம் சிவந்தது. "கொடுத்த சேலையைக் குறை சொல்றியா? வெடிக் கம்பெனிக்குப் போனவளுக்குப் பட்டு எங்கன தெரியும்?"

அந்தச் சொல் தைத்தது. டவுனிலிருந்து வந்த முதல் பெரிய இடம் இது. இவள் கோபத்தோடு திரும்பிப் போனால் அந்தத் தெருவே வராது. வாயை மூடிக்கொண்டு குறைந்த சூட்டில் தேய்த்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் சேலை ஒரு தடவையோடு முடிகிற விஷயமா? அடுத்த தடவை வேறு யாரோ பட்டு என்று நம்பிப் பெட்டியை வைப்பார்கள்.

"குறை சொல்லலக்கா. அது தாங்குற சூட்டச் சொல்றேன். நீங்க எங்க வேணா கொடுங்க. ஆனா எடுத்ததும் நடுவுல பெட்டிய வைக்க விட்றாதீக. இடுப்புல சொருகுற உள்தலப்பு மூலையில வச்சுப் பாக்கச் சொல்லுங்க. அத மட்டும் மறந்துறாதீக."

ஷரீஃபுன்னிசா சேலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

"வந்த மகராசிய வெரட்டி விட்டுட்டயே" என்றார் கணவர் அய்யாதுரை. லாரிக்கு லோடு ஏற்றுகிறவர்.

"வெரட்டல. வழி சொல்லி அனுப்பிருக்கேன்."

மாலை நாலு மணிக்கு அதே ஆட்டோ வந்தது. இந்தத் தடவை அப்சானாவும் கூட இறங்கினாள். கையெல்லாம் மருதாணி. டவுனில் ஒரு இஸ்திரிக் கடையில் சேலையைக் கொடுத்திருந்தார்கள். கடைக்காரர் பட்டுச் சூட்டை வைத்து நேராக நடுவில் இறங்கப் போனார். கடைசி நேரத்தில் ஷரீஃபுன்னிசாவுக்கு உள்தலைப்பு மூலை ஞாபகம் வந்து கையைப் பிடித்துவிட்டாள். மூலையில் வைத்தார்கள். ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சுருண்டு கருத்துவிட்டது.

"நீ சொன்னதுனாலதான் இம்புட்டோட போச்சு" என்றாள் ஷரீஃபுன்னிசா. குரல் இறங்கியிருந்தது. "காலையில நான் பேசினத மனசுல வச்சுக்காத கற்பகம்."

"வேலை கெடக்குக்கா. அத அப்புறம் பேசிக்கிடலாம்."

"கட்டினா தெரியுமா அத்தை?" என்று அப்சானா மூலையைக் காட்டினாள்.

"சொருகுன பெறகு ஒனக்கே தெரியாது. மருதாணிக் கையோட சேலையத் தொடாம அங்கன ஒக்காரு தாயி."

கற்பகவல்லி மின்விசிறியை நிறுத்தினாள். ஆர்கன்சா காற்றுக்கு நிற்காது. வியர்வைச் சொட்டு விழுந்தாலும் கறை என்பதால் நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டாள். பெட்டியின் அடிப்பாகத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து, திருகை ஒரு புள்ளியில் வைத்தாள். உடனே தொடங்கவில்லை. பெட்டி சீக்கிரம் சூடேறும், மெதுவாகத்தான் சமனாகும். முதலில் சுருண்ட மூலைக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை, மினுங்கவில்லை.

சேலையை உள்பக்கம் மேலே வருமாறு திருப்பி, பழைய வேட்டித் துண்டை மேலே விரித்தாள். பெட்டியை இழுக்கவில்லை. வைத்தாள், எடுத்தாள், அடுத்த இடத்தில் வைத்தாள். படுக்கையில் கிடக்கிற நோயாளியைப் புரட்டுகிறவள் மாதிரி, எங்கும் இழுபடாமல், ஒவ்வொரு முழமாக நகர்த்தினாள். கொசுவத்துக்கு ஊக்கு குத்தவில்லை, ஊக்கின் அச்சு துணியில் பதிந்துவிடும். துணி காயப்போடுகிற கிளிப்புகளைப் போட்டு, கிளிப்பை நகர்த்தி நகர்த்தித் தேய்த்தாள். ஒவ்வொரு மடிப்பும் ஆறிய பிறகே அடுத்த மடிப்பு.

அய்யாதுரை எட்டிப் பார்த்தார். "ஒரு சேலைக்கு ரெண்டு மணி நேரமா? இந்நேரம் ஒரு லாரி லோடு ஏத்திருப்பேன்."

"ஏத்துங்க. லாரிக்குச் சுருக்கம் விழாது."

அப்சானா சிரித்துவிட்டாள். ஷரீஃபுன்னிசாவும் சிரித்தாள், காலையிலிருந்து முதல் தடவையாக.

முடித்து அட்டைப் பெட்டியில் அடுக்கியபோது கொசுவம் விசிறி மாதிரி நின்றது. ஷரீஃபுன்னிசா மெதுவாகக் கேட்டாள்: "இது பட்டில்லைன்னு..."

"என் வாய்லருந்து வராதுக்கா. தேய்க்கக் கொடுக்கையில மட்டும் ஒரு புள்ளின்னு சொல்லிக் கொடுங்க."

வலிமா முடிந்து பதினைந்தாம் நாள். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய அம்மாளை அவளுக்குத் தெரியாது. கையில் இரண்டு சேலைகள்.

"அப்சானாவோட மாமியார்மா நான். அன்னைக்கு அந்த ஆர்கன்சா கொசுவம் விருந்து முடியிற வரைக்கும் கலையல. யார் மடிச்சதுன்னு கேட்டேன். 'விஸ்வநத்தத்துல எங்க கற்பகம், துணியத் தொட்டே சொல்லிரும்'னு அத்தனை பேர் மத்தியில சொன்னாங்க சம்மந்தி." அவர் சேலைகளை நீட்டினார். "இதுகளும் அந்த ஆர்கன்சா எடுத்த கடையில எடுத்ததுதான். ரெண்டும் அசல் பட்டு."

கற்பகவல்லி இரண்டையும் தொட்டாள். மேலே இருந்தது பட்டுதான். கீழே இருந்தது இல்லை.

"நல்ல சேலைங்க. உக்காருங்க அக்கா" என்றாள். ஒன்றை வலப்பக்கமும் மற்றதை இடப்பக்கமும் தனித்தனியாக வைத்தாள். "ரெண்டுக்கும் ஒரே சூடு ஆகாது. அதனால தனித்தனியாத்தான் தேய்க்கணும். இது திங்கக்கிழமை கெடைக்கும், அது புதன்கிழமை. எது எதுக்கு எம்புட்டுச் சூடுன்னு நானே அட்டைப் பெட்டி மேல எழுதித் தாரேன்."