மணலைக் கழுவிய வெள்ளிக்கிழமை

நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். படிப்பு பத்தாவதோடு சரி. திருமழிசை தொழிற்பேட்டையில் பல வருடம் பேக்கிங் வேலை பார்த்தேன். அந்த கம்பெனியை மூடிய பிறகு, வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். கென்யாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணுக்கு என்னைத் துணையாகப் போட்டார்கள். அவளுக்கு முப்பது வயதிருக்கும். அவள் ஆங்கிலத்தில் சொல்வதை என் பள்ளிக்கூட ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு நான் தமிழில் சொல்ல வேண்டும்.

தொழிற்பேட்டைக்குப் பின்னால், வயல்களைத் தாண்டி ஒரு சின்ன ஊர். அங்கே பன்னிரண்டு வீடுகளில் மணல் வடிகட்டி வைத்தோம். இடுப்பு உயரத்துக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி, உள்ளே ஜல்லி, அதன்மேல் மணல். மேலே ஊற்றுகிற போர்வெல் தண்ணீர் கீழே குழாய் வழியாக வரும். சில வாரங்களில் மணலின் மேல் வழவழவென்று ஒரு படலம் பிடிக்கும். கிருமியைத் தடுப்பது அந்தப் படலம்தான். மணலைக் கழுவவே கூடாது என்று கையேட்டில் போட்டிருந்தது.

நானும் படித்தேன். ஆனாலும் முதல் வெள்ளிக்கிழமை ஒரு வீட்டில், இதையும் கழுவணுமா என்று கேட்டபோது ஆமாம் என்றேன். குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து, அடுப்பு மேடை வரை கழுவிவிட்டு, குடிக்கிற தண்ணீர்த் தொட்டியை மட்டும் அழுக்காக விடுவதா? கையேடு எழுதியவர்களுக்கு வெள்ளிக்கிழமை தெரியாது என்று நினைத்தேன். மணலை அள்ளி, அலசி, வெயிலில் உலர்த்தி, நானே செய்து காட்டினேன். மறு வெள்ளியே பன்னிரண்டு வாசலிலும் மணல் காய்ந்தது. வெள்ளிக்கிழமைகளில் கென்யாப் பெண் அலுவலகத்துக்குப் போய்விடுவாள் என்பதால் அவள் கண்ணில் எதுவும் படவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தண்ணீரைச் சோதித்தோம். மருந்து போட்ட சின்ன பாட்டிலில் பிடித்து வைத்தால், கெட்ட தண்ணீர் கறுத்துவிடும். பன்னிரண்டும் கறுத்தன. ஒரு மாதத்தில் மறுசோதனை, அதிலும் இப்படியே வந்தால் வடிகட்டிகளை எடுத்து வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவோம் என்று அலுவலகம் சொல்லிவிட்டது. அவள் மணலைச் சந்தேகப்பட்டாள், சிமெண்டைச் சந்தேகப்பட்டாள், தன்னையே சந்தேகப்பட்டாள். என்னைச் சந்தேகப்படவில்லை. இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். மூன்றாம் நாள் பஸ் ஸ்டாப்பில் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. ஊரில் நீங்களேதான் சொல்ல வேண்டும், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றாள்.

ஊர்ப் பொது மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே பெண்கள் கூடினார்கள். நான் சொல்லி முடித்ததும், மாடு வைத்துப் பால், தயிர் விற்கிற அம்மா எழுந்தார்.

"இன்னாமே, அப்போ இத்தினி நாளு கிருமித் தண்ணியத்தான் குட்ச்சிகினு இருந்தோமா? நல்லா கீது உன் சேவை."

"தப்பு என்னுதுதாம்மா. ஆனா மணல் மேல புடிக்கிறது அழுக்கு இல்ல. உங்க ஊட்டு உறை மாதிரி. பானையில கொஞ்சம் மிச்சம் வெக்கலன்னா மறுநாள் தயிர் ஏது?"

பின்னாலிருந்து ஒருத்தி, "உறையக் கழுவி வெயில்ல காய வெச்சிகீறோம்டி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை பாசி புட்ச்ச தொட்டிய ஊட்ல வெச்சிகினு வெளக்கேத்த எனக்கு மனசு வராது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கழுவாமல் இருக்கக் கை கேட்காது. அது எனக்கே தெரியும். அதனால் அவர்கள் கை உள்ளே போகாதபடி, வெளிப்புறத்தை நானே கழுவிவிடுவது என்று முடிவெடுத்தேன். நாலு வெள்ளிக்கிழமை, நான் குடியிருக்கும் காட்டுப்பாக்கத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து, அவர்கள் வாளியை எடுப்பதற்குள் போய் நின்றேன். பன்னிரண்டு தொட்டிகளையும் வெளியே தேய்த்துக் கழுவி, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். மூடியைத் தொடவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து அவளும் அலுவலகத்தில் சொல்லிவிட்டு வந்தாள். அவள் வைத்த குங்குமம் எப்போதும் கோணலாக இருக்கும், பெண்கள் திருத்திவிடுவார்கள்.

மறுசோதனையில் பதினொன்று தெளிவாக இருந்தன. வடிகட்டிகள் ஊரிலேயே இருக்கட்டும் என்று அலுவலகம் சொன்னது. கறுத்தது தயிர்க்கார அம்மாவின் வீட்டு பாட்டில். ஒவ்வொரு வெள்ளியும் நான் அந்தப் பக்கம் போனதும் அவர் உள்ளே மணலையும் கழுவியிருக்கிறார். பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

இனி போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் அடுத்த வெள்ளியும் முதல் பஸ்ஸில் போனேன். அவர் வீட்டுத் தொட்டியில் மஞ்சள் ஈரமாக இருந்தது. பக்கத்தில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"உள்ள தொடல. தொறந்து பாத்துக்கோ."

திறந்து பார்த்தேன். மணலுக்கு மேல் தண்ணீர் அசையாமல் நின்றது. மூடிவிட்டு, அடுத்த வெள்ளியும் வருவேன் என்றேன்.

"வராம எங்க போவப் போற" என்றார்.