மணிக்குள் இரண்டு ஓசை

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். சங்கீதம் யாரிடமும் கற்றதில்லை. குடுமியான்மலைப் பாறையில் சங்கீதத்தை எழுத்தாகவே வெட்டி வைத்திருக்கிறார்கள். கும்பிடப் போகும்போதெல்லாம் பார்ப்பேன், ஓர் எழுத்தும் விளங்காது. ஆனாலும் எந்தப் பாட்டையும் ஒரு தடவை கேட்டால் பிடித்துக்கொள்ளும் காது சிறு வயதிலேயே இருந்தது. பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையை என்னைத்தான் எடுத்துக்கொடுக்கச் சொல்வார்கள். அது சாமி கொடுத்தது என்று அப்போது தோன்றவில்லை. கை கால் மாதிரி எல்லாருக்கும் இருக்கும் என்றே நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர் முருகன் கோயிலில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஜனை. ஆர்மோனியமோ சுருதிப்பெட்டியோ கிடையாது. தீபாராதனைக்கு அடிக்கும் மணிதான் எங்களுக்குச் சுருதி. மணி ஓய்ந்து அதன் ரீங்காரம் அடங்குவதற்குள், அதே ஓசையில் நான் முதல் அடியை எடுப்பேன். மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். இருபது வருசமாக இதுதான் வழக்கம்.

போன ஐப்பசி மழையில் சளி பிடித்து இடது காது அடைத்துக்கொண்டது. அந்த வெள்ளிக்கிழமை மணி அடித்தபோது, ஒரே மணிக்குள் இரண்டு ஓசை கேட்டது. ஒன்று எப்போதும் போல, இன்னொன்று அதற்குச் சற்று மேலே. எதைப் பிடிப்பது என்று தெரியாமல் எங்கோ உயரத்தில் எடுத்துவிட்டேன். நாலாவது அடியில் குரல் எட்டாமல் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள்.

எனக்கு என் காதின்மேல் துளிகூடச் சந்தேகம் வரவில்லை. மணியில் கீறல் விழுந்துவிட்டது என்று குருக்களிடம் சொன்னேன். அவரும் நம்பி, ஏணி போட்டு ஏறி, டார்ச் அடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கீறலைக் காணோம். உள்ளுக்குள் இருக்கும், வெளியே தெரியாது என்று நான் சாதித்தேன். மணியைக் கழற்றி மறுபடி வார்க்கக் கொடுக்கலாமா என்றுகூடப் பேச்சு வந்துவிட்டது.

மறுநாள் வீட்டில் கிரைண்டரும் இரண்டு சத்தம் போட்டது. பேரிங் போய்விட்டது என்றேன். அடுத்து போன் அடித்தது. ஸ்பீக்கர் சரியில்லை என்றேன். மாவைத் தள்ளிக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"கோயில் மணி, கிரைண்டரு, போனு, எல்லாம் சொல்லிவச்சாப்புல ஒண்ணாவா கெட்டுப்போகும்? மொதல்ல ஒங்க காதப் போயிக் காட்டுங்க. இல்லாட்டி நாளைக்கு என் தொண்டையிலயும் கீறல்னு சொல்லுவீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் குரலும் இரண்டாகத்தான் கேட்டது.

புதுக்கோட்டையில் காது டாக்டர் பார்த்துவிட்டு, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்து, பெரும்பாலும் சரியாகிவிடும், பொறுத்திருங்கள் என்றார். அந்தப் 'பெரும்பாலும்'தான் மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவிடவில்லை. பஜனையில் வேறொருவர் எடுத்துக்கொடுக்க, நான் பின்வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்தேன். காலையில் விபூதி பூசும்போது, பேச்சு கேட்கிறதே, அது போதாதா என்று எனக்கு நானே சொல்லிப் பார்ப்பேன். மனசு ஒப்பாது. இத்தனை வயது வரை கூடவே இருந்த ஒன்றுக்கு ஒரு நாளாவது நன்றி சொல்லியிருக்கிறேனா என்று நினைத்தால் வெட்கமாக இருந்தது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, கற்பூரம் ஏற்றி மணி அடித்தார்கள். ஒரே ஓசை. நம்பாமல் வலது காதைப் பொத்திப் பார்த்தேன். பிறகு இடதை. இரண்டிலும் அதே ஓசைதான். முருகனிடம் எதையும் கேட்கத் தோன்றவில்லை. கும்பிட்ட கையை இறக்காமல் அப்படியே நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

தட்டோடு வந்த குருக்களிடம், "மணி நல்லாத்தான் இருக்கு சாமி" என்றேன்.

"அது எப்பவும் நல்லாத்தானே இருந்துச்சு" என்று விபூதியைக் கொடுத்தார். "இன்னும் பின்னாடியே நின்னா எப்படி? முன்னால வாங்க."

மணிக்கயிற்றுப் பக்கம் திரும்பி, இன்னொரு தடவை அடிக்கச் சொன்னார். ரீங்காரம் அடங்குவதற்குள் எடுத்தேன். கடைசி அடி வரை யாரும் நிறுத்தவில்லை.