கரும்புள்ளி டாக்டரம்மா

புனே லோக்கல் ரயில் காசார்வாடியைத் தாண்டும்போது போன் வந்தது. ஆய்வகத்தில் எங்களோடு வேலை பார்த்த சுனிதா. டாக்டர் ஜானகி மாரடைப்பில் போய்விட்டார் என்றாள். ஐம்பதுகூட ஆகவில்லை அவருக்கு. தேஹு ரோட்டில் இறங்க வேண்டியவள், தளேகாவ் வரை போய்விட்டேன்.

அவருடைய ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்த உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்த தோல் மருத்துவர். வயதாக ஆக முகத்தில் வரும் கரும்புள்ளிகள் சில குடும்பங்களில் மட்டும் ஏன் தலைமுறை தலைமுறையாக வருகின்றன, எந்த ஜீன் அதற்குக் காரணம் என்று தேடிக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளின் கடைசியில் நான் அவரிடம் லேப் டெக்னீஷியன். தேஹு ரோடு ராணுவக் கிடங்கு குவார்ட்டர்ஸில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களைப் பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் கிளம்பிவிடுவார். நம் ஆட்கள் அவருக்குக் கரும்புள்ளி டாக்டரம்மா என்று பெயர் வைத்தார்கள். அதில் அவருக்குப் பெருமைதான்.

புள்ளி எந்த வயதில் தொடங்கியது என்று பார்க்கப் பழைய போட்டோக்களைக் கொண்டுவரச் சொன்னார். ஆல்பம் ஆல்பமாக வந்தன. ஒரு முகத்திலும் புள்ளி இல்லை! ஸ்டூடியோக்காரர் எல்லாரையும் டச்சப் செய்து பளபளவென்று ஆக்கியிருந்தார். நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். அவரோ விழுந்து விழுந்து சிரித்தார். "ஏனுங்க, நான் வருசக்கணக்கா தேடற ஜீனை இந்த மனுசன் ஒரே பிரஷ்ல அழிச்சுப்போட்டாருங்களே!"

என் அம்மாவுக்கு முகம் முழுக்கப் புள்ளிகள். அது ஒட்டிக்கொள்ளும் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொன்னதிலிருந்து என் கைக்குழந்தையை அம்மா தூக்குவதே இல்லை. தூரத்தில் நின்று பார்ப்பாள். கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். டாக்டர் வீட்டுக்கு வந்தபோதும், "தள்ளி உக்காரு டாக்டரம்மா, பக்கா ஒட்டிக்கும்" என்றாள்.

டாக்டர் எழுந்துபோய்த் தன் கன்னத்தை அம்மாவின் கன்னத்தோடு வைத்து அழுத்தினார். "ஒட்டாதுங்கம்மா. இது ரத்தத்துல வர்றது. மீதிய வெயில் பாத்துக்குது."

அம்மா இன்னும் உடைந்துபோனாள். "அய்யோ, அப்போ எம் பொண்ணுக்கும் இந்தப் பச்சைப்புள்ளைக்கும் நான்தான் குடுத்துட்டேனா?"

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லமாட்டார். "வரலாமுங்க, வராமயும் போலாம். எனக்கே இன்னும் முழுசாத் தெரியலீங்க" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆனா இது வரோணும்னா மொதல்ல வயசாகோணுமுங்க. உங்க பொண்ணுக்கும் பேத்திக்கும் நல்லா வயசாகட்டும்னு வேண்டிக்கமாட்டீங்களா?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குழந்தைக்காகக் கை நீட்டினாள். அன்று சாயங்காலம் வரை கீழே விடவில்லை. பால் கொடுக்கக்கூட நான் பிடுங்க வேண்டியிருந்தது.

அவரிடம் வேலை கற்றுக்கொண்டேன், அது இன்றுவரை சோறு போடுகிறது. அதைவிடப் பெரிது, என் மகளுக்கு அவள் பாட்டியின் மடி கிடைத்தது. ஒருமுறை நேரில் நன்றி சொன்னபோது, "ஒரு டீ சொல்லுங்க, போதும்" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

கடைசியாக அவர் உடலைப் பார்க்கப் போனபோது அந்த முகத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. என் கன்னத்தில் புள்ளிகள் தலைகாட்டத் தொடங்கிவிட்டன. காலையில் கண்ணாடி முன் நிற்கும்போது, வயதாகக் கொடுத்துவைத்திருக்கிறதே என்று நினைத்துக்கொள்கிறேன். அவர் எனக்கு விட்டுப்போனது அந்த நினைப்பு. அவருக்குத்தான் வயதாகக் கொடுத்துவைக்கவில்லை.