அத்தா ஓதிய தண்ணீர்

என் அத்தாவைப் போல ஒரு மகான் இந்தச் சேர்வராயன் மலையிலேயே கிடையாது என்று ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அத்தா என்றால் எங்கள் வீடுகளில் அப்பா. ஏற்காடு ஏரிக்கரையில் அவித்த சோளமும் மிளகாய் பஜ்ஜியும் விற்கிற மனுஷன். அவர் காதில் விழுந்திருந்தால் வெட்கத்தில் கடையையே மூடியிருப்பார். ஆனால் கண்ணால் பார்த்ததை நான் எப்படிச் சொல்லாமல் இருப்பது?

அது சீசன் நேரம். தம்பிக்கு ஒன்றரை வயது. காலையில் வாந்தியில் ஆரம்பித்தான். அப்புறம் தண்ணீராகப் போனது. துணியை மாற்ற மாற்றப் போய்க்கொண்டே இருந்தது. அதற்கு அம்மாவுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் வயிற்றைக் காயப் போடுவது. குடத்தை அவன் கண்ணில் படாமல் மறைத்து வைத்தாள். தாய்ப்பாலையும் நிறுத்திவிட்டாள். உள்ளே ஊற்றினால்தானே வெளியே போகும்? எனக்கும் அது மிகச் சரியாகத்தான் பட்டது.

மதியத்துக்குள் தம்பி வேறு குழந்தையாகிவிட்டான். கண் குழிக்குள் போயிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. வாயைக் கோணிக்கொண்டு அழுதான், ஆனால் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. இது என்ன புது மாதிரி அழுகை என்று நான் அவன் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்தேன். சேலத்துப் பள்ளிவாசல் ஹஸ்ரத் ஓதி ஊதிக் கொடுத்த தண்ணீர் ஒரு பாட்டிலில் இருந்தது. அதில் மட்டும் அவ்வப்போது ஒரு மூடி ஊற்றி அம்மா அவன் நாக்கில் விட்டாள். பாட்டில் போகிற பக்கமெல்லாம் அவன் கண்ணும் போனது. பார்க்கச் சகிக்கவில்லை.

வீட்டை ஒட்டியே இருந்த கடையில் அத்தா சோள அடுப்பை எரிகிறபடியே விட்டுவிட்டு ஓடிப்போய் நர்ஸம்மாவைக் கூட்டிவந்தார். நர்ஸம்மா கொட்டச்சேட்டிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருகிறவர். யாருக்கும் பயப்படாத குரல் அவருக்கு. வந்ததும் தம்பியின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார். அது உடனே படியவில்லை, மடிப்பாக நின்று மெல்லத்தான் இறங்கியது. நான் சட்டையைத் தூக்கி என் வயிற்றைக் கிள்ளிப் பார்த்தேன். சட்டென்று படிந்துவிட்டது. ஏனோ எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

"ஒண்ணுக்குப் போனானா?" என்று கேட்டார் நர்ஸம்மா.

"காலைல இருந்து இல்லீங்க."

அவர் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். ஆறவைத்த வெந்நீரை ஒரு சொம்பில் அளந்து ஊற்றச் சொல்லி, பொட்டலத்தை முழுசாகக் கொட்டிக் கலக்கினார். அம்மா தம்பியை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"தண்ணியக் காட்டுனா இன்னும் போவுமுங்க. நான் குடுக்க மாட்டேனுங்க."

"போறது போகட்டும் கண்ணு. ஒடம்புல இருக்கிற உப்பும் தண்ணியும் சேந்து போவுது. அதை உள்ள உடலீன்னா புள்ள தாங்காது. சாயங்காலத்துக்குள்ள ஒண்ணுக்குப் போகலீன்னா ஜீப்பு வெச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கியாகணும்."

அம்மா பிடியை விடவில்லை. நர்ஸம்மா சுற்றும் முற்றும் பார்த்தார். மூலையில் இருந்த பாட்டில் கண்ணில் பட்டது.

"அப்ப இது என்ன? இதுவும் தண்ணிதான?"

"அது தண்ணி இல்லீங்க. ஹஸ்ரத் ஓதிக் குடுத்த துஆ."

வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் கத்தியிருப்பார்கள். நர்ஸம்மா சொம்பை அப்படியே அத்தா பக்கம் நீட்டினார். "ஏனுங்க பாய், இதுலயும் ஓதிக் குடுங்க."

"நானுங்களா? எனக்கு என்னங்க தெரியும், நான் சோளம் விக்கறவன்."

"உங்க புள்ளைக்கு நீங்க ஓதாம வேற யாரு ஓதுவா?"

அத்தா கையைக் கழுவிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார். கண்ணை மூடி குர்ஆனின் அல்ஹம்து சூராவை ஓதினார். கடையில் பேரம் பேசுகிற அதே தொண்டையில் இப்படி ஒரு குரல் இருக்கிறதா! ஓதி முடித்துச் சொம்பின் மேல் ஊதினார். நர்ஸம்மாகூடக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அம்மா கரண்டியை எடுத்தாள்.

ஒரு கரண்டி, கொஞ்சம் பொறுத்து இன்னொரு கரண்டி. நடுவில் தம்பி எல்லாவற்றையும் வாந்தி எடுத்தான். அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. "எடுத்தா எடுக்கட்டும் சாமி. செத்த நேரம் உட்டுட்டு மறுபடியும் குடு. பாலும் குடு" என்றார் நர்ஸம்மா. அன்றைக்கு அவர் வேறெங்கும் போகவில்லை. நானும் விளையாடப் போகவில்லை. போக முடியுமா? என் கண்ணெதிரே தம்பியின் உதடு ஈரமானது. குழிக்குள் போன கண் மெல்ல மெல்ல மேலே வந்தது. துவண்டு கிடந்த கை எழுந்து கரண்டியைப் பிடித்து இழுத்தது. அல்லாவே, அத்தாவின் ஒரு மூச்சுக்கு இவ்வளவா! அந்தப் பொட்டலத்துக்கும் இதில் பங்கு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வெயில் இறங்குகிற நேரத்தில் கரண்டி வர ஒரு நொடி தாமதமானதற்குத் தம்பி வீறிட்டு அழுதான். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அதைப் பார்த்து நர்ஸம்மா சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அம்மா துள்ளி எழுந்தாள். நான் பாயை நனைத்தால் முதுகில் ரெண்டு வைக்கிற அம்மா, நனைந்த சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நனைச்சுப்புட்டானுங்க! நர்ஸம்மா, நொம்ப நனைச்சுப்புட்டானுங்க!" என்று கூவினாள். நர்ஸம்மா அவன் வயிற்றை மறுபடி கிள்ளிப் பார்த்துவிட்டு, இனி ஜீப் வேண்டாம் என்றார்.

இந்தச் சேதியை முதலில் சொல்ல வேண்டியது யாருக்கு? அத்தாவைத் தேடி ஓடினேன். கடைக்குப் பின்னால் சோள மட்டைகள் குவிந்து கிடந்த இடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். துண்டால் முகத்தை முழுக்க மூடியிருந்தார். தோள்கள் குலுங்கின. துண்டுக்குள்ளிருந்து விட்டு விட்டு ஏதோ சத்தம் வந்தது. பெரிய காரியம் நடக்கிறது, குறுக்கே போகக் கூடாது என்று எனக்குத் தெரிந்தது. மட்டைகள் சரசரக்காமல் அடிமேல் அடி வைத்துத் திரும்பி வந்தேன்.

"அத்தா இன்னும் ஓதிட்டு இருக்காரும்மா" என்றேன், குரலைத் தாழ்த்தி.

அம்மா என்னையும் கடையின் பின்பக்கத்தையும் பார்த்தாள். "ஓதட்டும் கண்ணு. நீ அங்க போவாத" என்றாள்.