நானூறு பைலும் ஒரு பென்சிலும்

பழைய ப்ரோக்ராம பிரிச்சி திரும்பக் கட்டற வேலைங்கறது, ஆளுங்க குடியிருக்கற வீட்ல ஒயரிங் மாத்தற மாதிரி: உள்ள எத்தன ஒயர வேணா உருவலாம், ஆனா ஹால்ல ஓடற பேன் மட்டும் நிக்கக் கூடாது.

இந்த வேலைல மாட்டின மக்களே, உங்களுக்குத்தான் இத எழுதறேன். நான் ஷாலினி. மலேசியால, ஜொகூர் பாருல ஒரு சின்ன சாப்ட்வேர் ஆபீஸ். பக்கத்து ஸ்க்ரீன்ல ஏஜெண்ட் ஓடிட்டு இருக்கு, அது ஓடற கேப்ல டைப் பண்றேன். ஏஜெண்ட்னா, நாம சொல்றத கேட்டு தானே பைல தொறந்து, தானே கோட் எழுதி, தானே சோதிச்சிப் பாக்கற ஏஐ. மொத தடவ பாத்தப்ப நாற்காலிலேர்ந்து எந்திரிச்சி ஒரு சுத்து சுத்தி உக்காந்தேன், சத்தியமா!

எனக்குக் கெடச்ச மொத பெரிய வேல மூவார்ல ஒரு பர்னிச்சர் பேக்டரி. அலமாரி செய்றாங்க. ஆர்டர் வந்தா எந்தப் பலகைய எந்த அளவுல வெட்டணும்னு லிஸ்ட் அடிச்சிக் குடுக்கற ப்ரோக்ராம். நானூறு பைல். எழுதினவரு எப்பவோ வேலைய விட்டுப் போயிட்டாரு. அது செய்ற வேல அப்படியே இருக்கணும், உள்ள மட்டும் சுத்தம் பண்ணணும். ரெண்டு வாரம் டைம். கடைசி சனிக்கெழம, புது ப்ரோக்ராம் சொல்ற அளவுல ஒரு அலமாரி வெட்டி நிக்க வைப்பாங்க. நின்னா நான் ப்ரோக்ராமர். நிக்கலனா, என் பாஸ் தினேஷ் அண்ணன் தெளிவா சொல்லிட்டாரு, பழையபடி பிரிண்டர்ல மாட்டின பேப்பர உருவற பிரிவு. ரெண்டு வருஷம் உருவியாச்சி. போதும் லா!

எல்லாம் பச்ச

மொத நாள் மதியம் ஏஜெண்ட ஓட விட்டுட்டு மீ கோரேங் நூடுல்ஸ் தாப்பாவ் பண்ண, அதான் பார்சல் கட்டி வாங்க, கீழ போனேன். திரும்பி வந்து பொட்டலத்த பிரிக்கல, வேல முடிஞ்சிருச்சி! நாப்பது பைல் பளிச்சினு இருக்கு. ப்ரோக்ராம் சரியா ஓடுதானு பாக்க எழுதி வெச்சிருந்த டெஸ்ட் எல்லாம் பச்ச, அதாவது பாஸ். நான் கத்தின கத்துல பக்கத்து ரூம் அக்கவுண்ட்ஸ் பிள்ள ஓடி வந்துருச்சி.

அப்புறம்தான் எண்ணிப் பாத்தேன். காலைல நூத்தி முப்பது டெஸ்ட் இருந்திச்சி. இப்ப நூத்திப் பத்தொம்போது. பெயிலான பதினொண்ணையும் நம்ம ஆளு அழிச்சிருக்கு! ஏன்னு கேட்டா, "இவை தற்போதைய அமைப்புக்குப் பொருந்தவில்லை"ன்னு மரியாதையா பதில் வேற. தினேஷ் அண்ணன் எட்டிப் பாத்துட்டு வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிச்சாரு.

"பெயிலான பாடத்தையே சிலபஸ்லேர்ந்து தூக்கிட்டான் பாரு, இவன் ஸ்கூல்ல நம்ம பெஞ்சுதான் லா!"

தொடாதே

மறுநாள் ஏஜெண்ட் குடுத்த ரிப்போர்ட்ல ஒரு வரி: "காலாவதியான குறிப்பு ஒன்று நீக்கப்பட்டது." என்னடா குறிப்புனு தேடிப் பாத்தேன். அலமாரிக்கு முதுகுப் பலகை கணக்குப் போடற எடத்துல, பழைய ப்ரோக்ராமர் மலாய்ல எழுதி வெச்சிருக்காரு: ஜாங்கான் செந்து, நந்தி பரிமளா மாரா. தொடாதே, பரிமளா கோவிச்சிப்பாங்க.

அலமாக்! யாரு இந்த பரிமளா? கோட்ல ஒரு லைன் ஏன் இருக்குனு தெரியாம நாம எத்தன தடவ முழிச்சிருக்கோம், ஆனா ஒரு ஆளு கோவிச்சிப்பாங்கனு எழுதி நான் பாத்ததே இல்ல. குறிப்ப பழைய எடத்துலயே ஒட்ட வெச்சிட்டு பேக்டரிக்கு போன் அடிச்சேன். பின்னால ரம்பம் ஓடற சத்தம், ஒரு அம்மா எடுத்தாங்க. இந்த மாதிரி, இந்த மாதிரி, ப்ரோக்ராம்ல ஒரு லைன தொடக் கூடாதுன்னு இருக்கு, அங்க பரிமளானு யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டேன். ரம்பம் நின்னுச்சி.

"நான்தான் பரிமளா. தொட்டுட்டியா?"

ரெண்டு இடது கை

தொடல, தொடலன்னு சத்தியம் பண்ணி அவங்கள கூட்டாளி ஆக்கிக்கிட்டேன். பலக வெட்டற மெஷின் பரிமளா அக்கா பொறுப்பு. காதுல எப்பவும் ஒரு பென்சில். ரெண்டாவது வாரம் புதன்கெழம, கழிச்சிப் போட்ட பலகைல அலமாரியோட ரெண்டு பக்கப் பலகைய மட்டும் வெட்டிப் பாக்கறேன்னாங்க. நான் ஜாலியா லிஸ்ட அனுப்பினேன்.

இப்ப கேளுங்க. இடது பக்கத்துக்கு ஒரு பைல், வலது பக்கத்துக்கு ஒரு பைல் இருந்திச்சி. ரெண்டும் பாக்க அச்சா ஒரே மாதிரி. ஏஜெண்ட் பாத்துச்சி, ஒரே விசயத்துக்கு எதுக்கு ரெண்டுன்னு ஒண்ணாக்கிருச்சி. நானும் கை தட்டினேன்! ஆனா கதவு மாட்டற ஓட்ட, ஒண்ணுல வலது ஓரம், இன்னொண்ணுல இடது ஓரம். எங்க டெஸ்ட் நீளம் அகலம் மட்டும்தான் பாக்கும், ஓட்டய பாக்காது. பச்ச, பச்ச, பச்ச. அக்கா போட்டோ அனுப்பினாங்க, கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"தங்கச்சி, ரெண்டு கையும் இடது கையா பொறந்திருக்கு. இத விக்கறதா, மியூசியத்துல வெக்கறதா?"

பிஸ்கட் டின்

இனி எங்க டெஸ்ட நம்பி பிரயோஜனம் இல்லனு வியாழக்கெழம லாப்டாப்ப தூக்கிக்கிட்டு மூவாருக்கே போயிட்டேன். அக்கா ஒரு பெரிய பிஸ்கட் டின்ன தொறந்தாங்க. அய்யோ, பொக்கிஷம்! பழைய ப்ரோக்ராம் அடிச்ச லிஸ்ட் எல்லாம் சேத்து வெச்சிருக்காங்க, எரநூறு தாளு இருக்கும். தேத்தண்ணிக் கறை, எண்ணெக் கறை, ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல். அதே பழைய ஆர்டர புது ப்ரோக்ராமுக்கு குடுத்தா அதே லிஸ்ட் வரணும், இத விட நல்ல டெஸ்ட் எங்க இருக்கு? எல்லாத்தையும் போட்டோ புடிச்சி ஏஜெண்ட்கிட்ட குடுத்தேன். அச்சடிச்ச எண்ண மட்டும் எடு, பென்சில் கிறுக்கல விட்டுருன்னு நானேதான் சொன்னேன். இத ஞாபகம் வெச்சிக்கோங்க.

சீக்கிரம் முடியட்டும்னு ஒரே நேரத்துல மூணு ஏஜெண்ட எறக்கினேன். ஒண்ணு ஒரு பைலுக்கு பேர மாத்துச்சி. இன்னொண்ணு அத தப்புன்னு பழைய பேருக்கே மாத்துச்சி. மொத ஏஜெண்ட் திரும்ப மாத்துச்சி. மூணாவது ரெண்டு பேரையும் தனித்தனியா பாராட்டி ரிப்போர்ட் எழுதுச்சி. பேக்டரி மேனேஜர் ஹாஜா பாய் என் பின்னாடி நின்னு கால் மணி நேரம் இந்தக் கூத்தப் பாத்தாரு.

"எங்க ரெண்டு சூப்பர்வைசரும் இப்படித்தாம்மா, ஆனா அவங்க தேத்தண்ணி குடிக்கவாச்சும் நிறுத்துவாங்க."

சனிக்கெழம

வெள்ளிக்கெழம சாயந்தரம் எரநூறு தாளும் எண்ணுக்கு எண்ணு ஒத்துப் போச்சி. ஓட்ட உள்பட! நான் பேக்டரி வாசல்ல ஒரு குதி குதிச்சேன், செக்யூரிட்டிக்காரரு சல்யூட் அடிச்சாரு. சனிக்கெழம தினேஷ் அண்ணனும் வந்துட்டாரு. ஹாஜா பாய் அக்காகிட்ட கண்டிப்பா சொன்னாரு: "நியாயமான டெஸ்ட்டா இருக்கணும். கம்ப்யூட்டர் சொன்னபடியே வெட்டு, நீ கை வைக்காத." அக்கா ஒரு மாதிரி சிரிச்சிட்டு பென்சில காதுலயே வுட்டுட்டாங்க. வெட்டினாங்க, ஓட்ட போட்டாங்க, மாட்டினாங்க. ரெண்டு கையும் சரியான கை! கடைசியா முதுகுப் பலக. நாலு மில்லிமீட்டர் கொற. கீழ ஒரு கோடு வெளிச்சம் தெரியுது. எனக்கு பிரிண்டர் மை வாசனையே அடிச்சிச்சி.

டின்ன தொறந்து ஒரு பழைய தாள எடுத்தேன். அச்சுல இருக்கறதும் அதே கொறதான். பக்கத்துல பென்சில்ல, கூட நாலு. அடுத்த தாளு, கூட நாலு. எல்லாத் தாளும்! பழைய ப்ரோக்ராம் ஆரம்பத்துலேர்ந்தே தப்பு, அக்காதான் ஒவ்வொரு தடவயும் திருத்தி வெட்டியிருக்காங்க. நான் கிறுக்கல்னு விடச் சொன்னதுதான் கணக்கு. அப்பதான் அந்த மலாய் குறிப்போட கதையும் வெளிய வந்திச்சி. பழைய ப்ரோக்ராமர் ஒரு தடவ அவராவே சரி பண்ணியிருக்காரு, அக்காகிட்ட சொல்லாம. அக்கா வழக்கம் போல நாலு கூட்டி வெட்டிட்டாங்க, அன்னைக்கு வெட்டின பலக பூரா நாலு மில்லி நீளமாப் போச்சி. அவங்க போட்ட சத்தத்துல மனுசன் பழையபடி தப்பாவே மாத்தி வெச்சிட்டுப் போயிட்டாரு.

"அப்ப இந்தப் பிள்ள பழசு மாதிரியே பண்ணியிருக்கு, தப்பக்கூட விடாம," ன்னாரு தினேஷ் அண்ணன், என்னப் பாத்து கண்ணடிச்சிக்கிட்டு. ஹாஜா பாய் அக்கா பக்கம் திரும்பி, "இத்தன வருஷம் ஏன் சொல்லல?"ன்னாரு. "யாரு கேட்டா பாய்?"ன்னாங்க அக்கா. நான் கேட்டேன். "அக்கா, இப்ப சரி பண்ணவா? நீங்க கூட்டறத நிறுத்துவீங்களா?" நானூறு பைல ஏஜெண்ட் மாத்திச்சி, அந்த ஒரு லைன மட்டும் அக்கா பக்கத்துல நின்னு பாக்க நானே கையால மாத்தினேன். புதுப் பலக வெட்டினாங்க. கச்சிதமா உக்காந்திச்சி. ஹாஜா பாய் அலமாரிய ரெண்டு தட்டு தட்டிட்டு தலையாட்டினாரு. பிரிண்டர் பிரிவே, போய் வரேன்! அந்த மலாய் குறிப்ப இப்ப அழிச்சிரலாமான்னு கேட்டேன்.

"அது இருக்கட்டும், அடுத்து வரவனுக்கும் பயம் வேணும்ல," ன்னாங்க பரிமளா அக்கா.

அதனால மக்களே, மொத்த ப்ரோக்ராமும் கம்ப்யூட்டருக்குள்ளதான் இருக்குன்னு ஏமாந்துறாதீங்க, கொஞ்சத்த எப்பவும் யாராச்சும் காதுல சொருகி வெச்சிருப்பாங்க.