அலமாரிக்குள் தெளிந்த தண்ணீர்

சாயப்பட்டறையில் அவளுக்குப் பவுடரம்மா என்று பெயர். பின்பக்கத் தகரக் கொட்டகைதான் அவள் ஆய்வுக்கூடம். இரும்புப் பட்டறைகளில் மிஞ்சும் துருவையும் துத்தநாகக் கசடையும் சுட்டு அரைத்துக் கரும்பழுப்புப் பொடி செய்வாள். சாயக்கழிவில் கலந்து வெயிலில் வைத்தால், வெயில் பட்ட பொடி சாயத்தை உடைத்துப்போட வேண்டும். கடையில் கிடைக்கிற பொடி யானை விலை. இது குப்பை விலை.

கெட்டிக்காரி, ஆனால் பயந்தாங்கொள்ளி. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். "உங்கக்கா தன் நிழலுக்கே வழிவிட்டு நிப்பா" என்று தங்கையின் புருஷன் கேலி செய்வான்.

அன்று பெரிய தொட்டியில் சிவப்புத் தண்ணீர் கண்ணாடியாய்த் தெளிந்துவிட்டது. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலமே மதகைத் திறந்து வாய்க்காலில் விடப்போவதாகச் சொல்லிவிட்டார். வாய்க்கால் கரையில்தான் தங்கை வீடு. பிள்ளைகள் குளிப்பதும் அதில்தான்.

மேசை துடைக்கத் துணி தேடி அலமாரியைத் திறந்தாள். உள்ளே, வெயிலில் வைக்க மறந்துபோன ஒரு ஜாடி. அதே சாயத் தண்ணீர், அதே பொடி. அதுவும் தெளிந்திருந்தது.

வெயிலே படாமல் எப்படி?

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "தெளிஞ்சிடுச்சுல்ல? அப்புறம் ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

"பொடி சாயத்தை முழுங்கியிருக்குண்ணே, செரிக்கலை. தொட்டியிலயும் இதே கதைன்னா, பொடியோட சாயமும் வாய்க்காலுக்குப் போயிடும்."

தொட்டியடி வண்டலை அள்ளிக் குப்பியில் போட்டாள். ஒட்டிய சாயத்தைக் கழற்றும் ஸ்பிரிட்டை ஊற்றும்போது பாதி மேசையில் சிந்தியது. சிவப்பு வரக்கூடாது, வரக்கூடாது என்று உதடு முணுமுணுத்தது. குப்பிக்குள் புகைபோல ஓர் இழை எழுந்தது. பிறகு குப்பி முழுக்க ரத்தச் சிவப்பு.

ஓடினாள். முதலாளி மதகுச் சக்கரத்தில் கை வைத்திருந்தார்.

"திறக்காதீங்க சார்!"

"நாளைக்கு அதிகாரிங்க வர்றாங்க, ஓடுற தண்ணியைக் காட்டணும். தள்ளு."

அவர் முகத்தைப் பார்த்து இதுவரை அவள் பேசியதே இல்லை. இரண்டு கையாலும் சக்கரத்தைக் கட்டிக்கொண்டாள். பல் தந்தியடித்தது. "மாட்டேன் சார். சாயம் சாகலை. ஒளிஞ்சிருக்கு."

"எப்பதான் சாகும்?"

"தெரியலை சார்."

"மேஸ்திரி, இவளை இழுய்யா!"

மேஸ்திரி வந்தார். அவளை இழுக்கவில்லை. ஸ்பேனரை எடுத்துச் சக்கரத்தின் நட்டைக் கழற்றினார். சக்கரம் அவள் கையோடு வந்துவிட்டது.

"உக்காரும்மா, விழுந்துடப் போறே" என்றார்.

சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். முதலாளி கத்திக்கொண்டே இருந்தார். அவளுக்கு நடுக்கம் நிற்கவில்லை. பிடியும் தளரவில்லை.